சீருடைப் படத்தைத் திருப்பிப் பாருங்கள்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் யார் வீட்டிலாவது தாத்தாவோ பெரியப்பாவோ கடற்படை உடுப்பில் இருக்கும் பழைய படம் இருந்தால் கையைத் தூக்குங்கள். பின்வரிசையில்கூட நாலைந்து கைகள் தெரிகின்றன. சந்தோஷம். இன்றைக்கு நான் பேசப்போவது முக்கியமாக உங்களிடம்தான்.

என் அப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தார். போரைப் பற்றி அவர் எங்களிடம் உட்கார்ந்து பேசியதே கிடையாது. டைரி எழுதும் பழக்கம் இல்லை. அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை. ஐந்து படங்கள் மட்டும் இருந்தன. ஒன்று கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மற்ற நான்கும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த பேப்பருக்கும் கீழே கிடந்தன. அப்பா எந்தக் கப்பலில் ஏறினார், எங்கெல்லாம் போனார், எப்போது திரும்பினார் என்பதை அந்த ஐந்து படங்களை வைத்துத்தான் தேடிப் பிடித்தேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் படத்தை எடுத்தால் நாம் பார்ப்பது முகத்தைத்தான். 'மூக்கு அப்படியே உனக்கு வந்திருக்கிறது' என்போம், 'எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறார் பார்' என்போம், அதோடு படத்தை உள்ளே வைத்துவிடுவோம். சீருடைப் படத்தில் அந்த ஆள் செய்த வேலை முகத்தில் தெரியாது. தொப்பி நாடாவிலும் சட்டைக் கையிலும் மார்பு ரிப்பனிலும் அட்டையின் பின்பக்கத்திலும் அது எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஐம்பது வருடத்துக்கு மேல் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படங்களுக்குப் போகும் முன் அந்தப் படையைப் பற்றி இரண்டு வார்த்தை. ராயல் இந்தியக் கடற்படை என்ற பெயர் 1934 அக்டோபரில் வந்தது. 1939-இல் போர் தொடங்கியபோது அதனிடம் 8 போர்க்கப்பல்கள் இருந்தன, ஆட்கள் 2,000 பேருக்கும் குறைவு. 1945-இல் கிட்டத்தட்ட 30,000 பேர். ஆறு வருடத்தில் ஒரு படை இப்படிப் பெருத்தால் அத்தனை பேரும் எங்கிருந்து வருவார்கள்? முன்பெல்லாம் ரத்னகிரிக் கரையோரத்து முஸ்லிம்களும் பஞ்சாபிகளும்தான் அதிகம் சேர்ந்தார்கள். போர் வந்ததும் வயர்லெஸ், ரேடார், இன்ஜின் வேலைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பையன்கள் நிறையத் தேவைப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஏராளம். அப்பா அவர்களில் ஒருவர். தேசப்பற்றா, வீரமா என்று யாராவது கேட்டால் நான் நேராகவே சொல்வேன்: வீட்டில் கஷ்டம், மாதச் சம்பளம் வந்தது, போனார். அதில் எந்தக் குறைவும் இல்லை.

சரி, முதல் படம். கூடத்தில் மாட்டியிருந்தது. ஸ்டுடியோவில் எடுத்தது, பின்னால் திரையில் தூணும் பூந்தொட்டியும் வரைந்திருக்கிறார்கள். அப்பா வெள்ளை உடுப்பில் முழங்கால்மேல் கைகளை வைத்து விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். தொப்பியைச் சுற்றிக் கறுப்பு நாடா, அதில் பளிச்சென்று 'எச்.எம்.ஐ.எஸ்.' என்ற எழுத்துகள். 'மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல்' என்று அர்த்தம். அதற்கு அடுத்து கப்பலின் பெயர் வரவேண்டும். வரவில்லை.

அது குறை மாதிரித் தோன்றும், ஆனால் அதுவே ஒரு தடயம். சமாதான காலத்தில் நாடாவில் கப்பல் பெயர் இருக்கும். போர் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துவிட்டது, அதையொட்டி நம் கடற்படையும் எடுத்துவிட்டது. துறைமுகத்துத் தெருவில் போகிற மாலுமியின் தொப்பியைப் பார்த்தே எந்தக் கப்பல் வந்து நிற்கிறது என்று ஒற்றன் கண்டுபிடித்துவிடுவான் அல்லவா? ஆகவே பெயரில்லாத நாடா என்றால் அந்தப் படம் போர்க் காலத்துப் படம். உங்கள் வீட்டுப் படத்திலும் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது சட்டைக் கை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இதில்தான் விஷயம் நிறைய இருக்கிறது. இடது கை பதவியைச் சொல்லும். ஒற்றை நங்கூரம் இருந்தால் சாதாரண மாலுமிக்கு ஒரு படி மேலான 'லீடிங்' நிலை, குறுக்காக இரண்டு நங்கூரம் என்றால் அதற்கும் மேலான 'பெட்டி ஆபீசர்'. அதற்குக் கீழே கவிழ்த்த கூரை போல வளைந்த பட்டைகள் இருந்தால் அவை நன்னடத்தைப் பட்டைகள்: 3 வருடத்துக்கு ஒன்று, 8 வருடத்துக்கு இரண்டு, 13 வருடத்துக்கு மூன்று. வலது கை தொழிலைச் சொல்லும். குறுக்காக இரண்டு பீரங்கிக் குழாய் இருந்தால் பீரங்கிக்காரர். கப்பலின் விசிறி இருந்தால் கொதிகலன் அறையில் வெந்த ஸ்டோக்கர். இரண்டு கொடி குறுக்காக இருந்தால் கொடி காட்டிச் செய்தி சொல்பவர். இரண்டு சிறகுக்கு நடுவே மின்னல் பாய்ந்தால் தந்திக்காரர்.

முதல் படத்தில் அப்பாவின் இரண்டு கைகளும் வெறுமை. அப்படியானால் பயிற்சியில் இருந்த பையன். படத்தின் பின்பக்கம் பம்பாய் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை இருக்கிறது. அதுவும் பொருந்துகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பம்பாய் காஸில் பாரக்ஸுக்குத்தான் வருவார்கள், தந்திப் பயிற்சி அதே ஊரில் தல்வார் என்ற கரைத்தளத்தில் நடந்தது. முத்திரைக்குக் கீழே மையில் ஓர் எண். ஸ்டுடியோக்காரர் எழுதிய பில் நம்பர் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். அந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

இடையில் ஒன்று. மாலுமியின் நீலக் காலரில் மூன்று வெள்ளைக் கோடு இருக்கும். நெல்சன் ஜெயித்த மூன்று பெரிய போர்களுக்காக அது வைக்கப்பட்டது என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கும் கதைகளைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், இந்தத் தேடலில் அது ரொம்ப முக்கியம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருந்தது.

இரண்டாவது படம். தபால் அட்டை அளவு. மூன்று மாலுமிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், நடுவில் அப்பா. மூவரும் கனமான கம்பளி உடுப்பில். அப்பாவின் வலது கையில் சிறகும் மின்னலும் வந்துவிட்டன. பயிற்சி முடிந்திருக்கிறது. எங்கே எடுத்தது என்று முன்பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. பின்பக்கம் திருப்பினால், ஸ்டாம்பு ஒட்டுவதற்கான சின்னக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் 'கோடாக் ஆஸ்ட்ரல்' என்று அச்சிட்டிருக்கிறது. கோடாக் கம்பெனி ஆஸ்திரேலியாவில் விற்ற புகைப்பட அட்டையின் அடையாளம் அது. இடதுபுறம் அப்பாவின் கையெழுத்தில், பென்சிலில், 'குளிர் தாங்க முடியவில்லை' என்று ஒரே வரி.

திருநெல்வேலிச் சீமைப் பையன் ஆஸ்திரேலியாவில் குளிரில் நடுங்கிக்கொண்டு என்ன செய்தான்?

விடை இது. போர் தொடங்கிய பிறகு இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் நான்கு சிறு போர்க்கப்பல்களைக் கட்டினார்கள். பஞ்சாப், பம்பாய், மெட்ராஸ், பெங்கால் என்று பெயர். நான்கும் சிட்னியில் கட்டியவை. மெட்ராஸும் பெங்காலும் துறைமுகத்துக்குள் இருக்கும் காக்கட்டூ தீவுத் தளத்தில், மற்ற இரண்டும் மார்ட்ஸ் டாக்கில். நான்கும் 1942-இல் படையில் சேர்ந்தன. அவற்றை ஏற்று நடத்திக்கொண்டு வர இந்திய மாலுமிகள் சிட்னிக்குப் போனார்கள். 1942 மே 31 இரவு ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள் புகுந்தபோது பம்பாய் கப்பல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. அன்றிரவு கட்டபுல் என்ற தங்கும் கப்பல் மூழ்கி 21 மாலுமிகள் செத்தார்கள். நம் பையன்கள் அந்த ஊரில் அந்த நேரத்தில் இருந்தார்கள் என்பது நம் பள்ளிப் பாடத்தில் எங்கேயாவது வருகிறதா? நான் முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு வரிகூட வந்ததில்லை.

இப்போது வீட்டுக் கதை. எங்கள் சித்தப்பா எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்வார்: 'உங்கப்பா ஜப்பான்காரன் கப்பலையே முக்குனவருல்லா!' சித்தப்பா அதை வெறுங்காற்றிலிருந்து எடுக்கவில்லை. அப்படி ஒரு சண்டை நிஜமாகவே நடந்தது. 1942 நவம்பர் 11 அன்று, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து டியாகோ கார்சியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக பெங்கால் போனது. வழியில் இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் மறித்தன. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். பெங்கால் 700 டன் அளவு, அதில் இருந்ததோ ஒரே ஒரு பெரிய துப்பாக்கி. இருந்தும் எண்ணெய்க் கப்பலைத் தப்பிக்க விட்டுவிட்டு எதிரியை நோக்கியே திரும்பியது. ஒண்டினாவும் தன்னிடமிருந்த துப்பாக்கியால் சுட்டது. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்றான ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. ஒண்டினாவின் கேப்டன் இறந்தார். பெங்காலும் ஒண்டினாவும் தனித்தனியாகக் கரை சேர்ந்தன. இந்தியக் கடற்படையின் போர்க் கதைகளில் இதற்கு இணையாக எதையும் நான் வைக்க மாட்டேன்.

ஆஸ்திரேலியப் படம் கிடைத்தவுடன் என் அண்ணன் துள்ளினார். 'சித்தப்பா சொன்னது உண்மைதான், அப்பா பெங்காலில்தான் இருந்திருக்கிறார்' என்றார். எனக்கும் ஆசைதான். யாருக்கு இருக்காது? ஆனால் மூன்றாவது படம் வேறு சொன்னது.

மூன்றாவது படம் ரொம்பச் சிறிது, ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டியது. கரையில் நின்று யாரோ ஒரு கப்பலை எடுத்திருக்கிறார்கள். மனிதர் யாரும் இல்லாததால் வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அதை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் கப்பலின் பக்கவாட்டில் வர்ணத்தில் எழுதிய எண் தெரிகிறது. 'ஜே', அடுத்து 2, அடுத்து 3. கடைசி எண் முன்னால் நிற்கும் படகுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அந்த நான்கு கப்பல்களின் எண்கள் இவை: மெட்ராஸ் ஜே 237, பஞ்சாப் ஜே 239, பெங்கால் ஜே 243, பம்பாய் ஜே 249. 23 என்று தொடங்கினால் பெங்கால் இல்லை, பம்பாயும் இல்லை. மீதி இரண்டில் ஒன்று. பஞ்சாப் மார்ச் மாதமே படையில் சேர்ந்துவிட்டது, அப்போது சிட்னியில் வெயில் முழுக்க அடங்கியிருக்காது. மெட்ராஸ் சேர்ந்தது மே மாதத்தில். அங்கே அது குளிர்காலத்தின் வாசல். அப்பாவின் பென்சில் வரியையும் கம்பளி உடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் தராசு மெட்ராஸ் பக்கம் சாய்கிறது.

சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார். ஆனால் என்னைக் கேட்டால், அப்பா இல்லாத சண்டையில் அவரை நிறுத்துவதைவிட, அவர் இருந்த கப்பலில் அவரைப் பார்ப்பதுதான் பெரிய மரியாதை. அந்தக் கப்பலுக்கு நம் மாகாணத்தின் பெயர் வேறு.

அந்த வருடத்தை எங்கள் ஆச்சியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அதே 6-ஆம் தேதிதான் பர்மாக் கரையில், அக்யாப் பக்கம், இந்தியக் கடற்படையின் இண்டஸ் என்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 9-ஆம் தேதி திருகோணமலையில் குண்டு விழுந்தது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னை நகரமே காலியாகி, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி உள்ளூர்களுக்கு ஓடிய வாரம் அது. எங்கள் ஊருக்கும் அப்படிச் சில குடும்பங்கள் வந்தன. அவர்கள் சொன்ன ஒவ்வொரு செய்தியிலும் கப்பல், கடல், குண்டு. மகன் கடலில் இருக்கிறான் என்பது ஆச்சிக்குத் தெரியும், எந்தக் கடல் என்று தெரியாது. கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுதினால் தணிக்கையில் வெட்டிவிடுவார்கள். ஆச்சி அந்தச் சித்திரை முழுக்க ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டார் என்று என் அத்தை சொல்லியிருக்கிறார். மகனோ அப்போது குண்டு விழுந்த இடங்களிலிருந்தெல்லாம் ரொம்ப தூரத்தில் இருந்திருக்கிறார். அதை ஆச்சிக்குச் சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

நான்காவது படம் மறுபடி ஸ்டுடியோ. பின்பக்க முத்திரை தமிழில் இருக்கிறது, ஊர் திருகோணமலை. கிழக்குக் கடற்படைக்குத் தளமாக இருந்த ஊர் அது. அப்பாவின் முகத்தில் சதை பிடித்திருக்கிறது. இடது கையில் ஒற்றை நங்கூரம், அதற்குக் கீழே ஒரு பட்டை. மூன்று வருடம் முடிந்துவிட்டது. மார்பில் இரண்டு ரிப்பன், போர்ப் பதக்கங்களுக்கு உரியவை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பனின் நிறத்தை எப்படிப் படிப்பது? இங்கே ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் பலர் பயன்படுத்திய ஆர்த்தோக்ரொமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். வெற்றிலை போடாத ஆளுக்குக்கூட உதடு கறுப்பாக இருந்து, நீலக் காலர் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அந்த பிலிம்தான். அப்பா படத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு லென்சை ரிப்பன்மேல் வைத்தேன். முதல் ரிப்பனில் சம அகலத்தில் மூன்று பட்டைகள்: சாம்பல், கறுப்பு, வெளுப்பு. கரு நீலம், சிவப்பு, இளநீலம் என்று மாற்றிப் படித்தால் '1939-45 ஸ்டார்'. இரண்டாவதில் நடுவே அகலமான கறுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய கோடு. நடுவில் அகலச் சிவப்பு ஆப்பிரிக்கா ஸ்டாருக்கும் உண்டு, பர்மா ஸ்டாருக்கும் உண்டு. வித்தியாசம் அந்த மெல்லிய கோடுகளில். ஆப்பிரிக்கா ரிப்பனில் ஒன்று கரு நீலம், மற்றது இளநீலம். ஆகவே படத்திலும் இரண்டும் ஒரே அடர்த்தியில் வராது. பர்மா ரிப்பனில் இரண்டுமே ஆரஞ்சு. அப்பா மார்பில் இருந்த இரண்டு கோடுகளும் ஒரே அடர்த்தி.

பர்மா ஸ்டார் 1945 மே மாதம் ஏற்படுத்தப்பட்டது. கடற்படைக்காரருக்கு அது கிடைக்க வங்கக் கடலில் போர்ப் பணி செய்திருக்க வேண்டும். ஆக, அந்தப் படம் 1945 நடுவில் அல்லது அதற்குப் பிறகு எடுத்தது. அந்தப் போரில் அப்பாவின் கடல் நம் கடல்தான். காப்பித் தம்ளரின் வாய் அளவுகூட இல்லாத ஒரு துணித்துண்டு இத்தனையும் சொல்கிறது.

பின்பக்கத்தில் ஓர் எண் என்று சொன்னேன் அல்லவா? திருகோணமலைப் படத்தின் பின்பக்கத்திலும் அதே எண் இருந்தது, அதே கையெழுத்தில். பம்பாய் ஸ்டுடியோவுக்கும் திருகோணமலை ஸ்டுடியோவுக்கும் நாலு வருட இடைவெளியில் ஒரே பில் நம்பர் வராது. அது அப்பாவின் பணி எண். தன் சாமான்கள் எல்லாவற்றிலும் எண் குறிக்கப் பழக்கப்பட்ட மாலுமி, படத்திலும் குறித்து வைத்திருக்கிறார். கடற்படை மாலுமிகளின் பதிவேடுகளைக் கவனிக்கும் அலுவலகம் மும்பை மான்குர்டில் இருக்கிறது. பெயரையும் எண்ணையும், நான் அவருடைய மகள் என்பதற்கான சான்றையும் வைத்து எழுதிப் போட்டேன். நிறையக் காத்திருந்த பிறகு ஒரு தாள் வந்தது. சேர்ந்த தேதி, பயிற்சித் தளம், கப்பல்: மெட்ராஸ். அப்புறம் மீண்டும் தல்வார். 1946 ஜூலையில் விடுவிப்பு. தாளில் அவ்வளவுதான். குளிரடித்ததும் பக்கத்தில் நின்றவர்களும் அதில் இல்லை. அவை படத்தில்தான் இருக்கின்றன.

1946-இல் தல்வார் என்றதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஆமாம், அந்த வருடத்துக் கடற்படைக் கலகம் தொடங்கிய அதே தல்வார்தான். பிப்ரவரி 18 அன்று அங்கே மாலுமிகள் சாப்பாடு சரியில்லை என்று தட்டைத் தள்ளினார்கள். கமாண்டர் வாய்க்கு வந்தபடி இனத்தைச் சொல்லித் திட்டினார் என்ற ஆத்திரம் ஏற்கெனவே இருந்தது. அவர்களில் ஒருவரான பி.சி. தத் சுவரில் சுதந்திர முழக்கம் எழுதியதற்காக அந்த மாதத் தொடக்கத்திலேயே கைதாகியிருந்தார். ஓரிரு நாளில் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் காஸில் பாரக்ஸுக்கும் பரவியது. கராச்சியில் சண்டை நடந்தது. சென்னையில் அடையாறு என்ற கரைத்தளத்து மாலுமிகள் தெருவில் இறங்கினார்கள். படேலும் ஜின்னாவும் கேட்டுக்கொண்டதன் பேரில் 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். பம்பாய்த் தெருக்களில் ராணுவம் சுட்டதில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். பிறகு 476 மாலுமிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சுதந்திரம் வந்த பின்னும் இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை.

ஐந்தாவது படம் அங்கே எடுத்தது. மூன்று வரிசையில் மாலுமிகள், நடுவில் தரையில் சாய்த்து வைத்த சிலேட்டுப் பலகையில் 'தல்வார், ஜனவரி 1946' என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. கலகத்துக்கு ஒரு மாதம் முன்பு. போர் முடிந்துவிட்டது, தளத்தின் பெயரை இனி மறைக்க வேண்டியதில்லை. அப்பா பின்வரிசையில், வலது ஓரத்தில். சில தலைகளுக்கு மேல் நீல மையில் சின்னச் சின்னப் புள்ளிகள். எண்ணினால் ஒன்பது.

பல வருடத்துக்கு முன், அண்ணன் கல்யாணத்துக்கு அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அம்மா அவருக்குக் காட்டுவதற்காக அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, புள்ளி வைத்த தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். 'இவங்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பயலுக. உங்கப்பன்தான் புள்ளி வச்சான், மறந்துரக்கூடாதுன்னு' என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, படத்தை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா தலைக்கு மேல் புள்ளி இல்லை. அவர் தண்டனையில்லாமல் விடுதலையாகி வந்து, கற்ற தொழிலை வைத்துத் தபால் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, எங்களைப் படிக்க வைத்தார். அந்த ஒன்பது பேருக்கு என்ன வேலை கிடைத்தது?

இதை நான் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள் என்று நாம் இவர்களுடைய போரை ஒதுக்கினோம். எதிர்த்து நின்றவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் இவர்களை ஒதுக்கினார்கள். கலகக்காரர்களைத் தியாகிகள் என்று நம் அரசு ஏற்கவே பல வருடம் ஆனது. தியாகிகளுக்கான சலுகைக்கு மனுப் போடக் கையில் ஒரு தாள் வேண்டும், பலரிடம் தாள் இல்லை. படம் இருந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்.

கரை திரும்பாதவர்களுக்கும் பதிவு உண்டு. மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்தியன் செய்லர்ஸ் ஹோம் இருக்கிறது. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத, போர்க் காலத்து இந்தியக் கடற்படையினர் 400-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும், வணிகக் கப்பல்களில் போன கிட்டத்தட்ட 6,000 பேரின் பெயர்களும் அங்கே ஏட்டில் இருக்கின்றன. அதே ஏட்டின் இன்னொரு பிரதி சிட்டகாங்கில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பெயர் தேடலாம். ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் தன் படங்களை இணையத்தில் போட்டிருக்கிறது, இந்த நான்கு கப்பல் விஷயத்துக்கு அங்கே முதலில் தேடுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை சிலதைச் சொல்லி முடிக்கிறேன். படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். முகமே கண்ணாடியில் போய்விடும், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றாகத் தெரிந்தாலும் செய்யுங்கள், மங்கிய பென்சில் வரி திரையில் தெரியவரும். பால்பாயின்ட் பேனாவால் பின்னால் எழுதாதீர்கள், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். எழுதுவதானால் மெல்லிய பென்சில். வீட்டில் எண்பது தாண்டிய அத்தையோ சித்தியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே படத்தோடு போய் உட்காருங்கள். 'இது யார்' என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பது யார், இந்தக் கோட்டு யாருடையது, இந்தப் படம் தபாலில் வந்ததா கையில் கொண்டுவந்தாரா என்று கேளுங்கள்.

அந்தத் தல்வார் படத்தைப் பெரிதாக்கி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். முப்பத்தோரு பேர். ஆறு பேருக்குத்தான் மாமா பெயர் சொன்னார். நடு வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள் நாகர்கோவில் பக்கம், கீழ்வரிசையில் கண்ணை இடுக்கிக்கொண்டு இருப்பவர் காயல்பட்டினம் என்றார், பெயர் அவருக்கு நினைவில்லை. அந்த இரண்டு பேர் தலைக்கு மேலும் புள்ளி இருக்கிறது. டீ குடித்துவிட்டு எல்லோரும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கின்றன. யாரையாவது அடையாளம் தெரிந்தால் எழுதிவிட்டுப் போங்கள், தெரியவில்லை என்றால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.